30 மணி நேரம் சேர்ந்துவிட்டது. அதில் நம் கையை மாற்றியது எது? (நெல்லைச் சீமைக் கண் மருத்துவர்களிடம் ஒரு கேள்வி)

அம்பை கண் டாக்டர் | ஞாயிறு இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மருத்துவக் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்ததால், போன வாரம் பீரோவைத் திறந்து சி.எம்.இ. (தொடர் மருத்துவக் கல்வி) சான்றிதழ்களை எல்லாம் மேஜையில் பரப்பினேன். ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது. எனக்கு அதற்கு மேலேயே சேர்ந்திருந்தது. மதுரை, சென்னை, கோயம்புத்தூர், நம்ம ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை, அப்புறம் 2020-ல் வீட்டிலிருந்தபடி பார்த்த வெபினார்கள். பழைய கட்டுகளையும் விடாமல் ஒவ்வொரு தாளாக எடுத்து, "இதைக் கேட்ட பிறகு என் ஓ.பி.யில் எதை மாற்றினேன்?" என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். பெரும்பாலான தாள்களுக்கு எதிரே எழுத ஒன்றுமே இல்லை. தலைப்பு நினைவிருக்கிறது, பேசியவர் முகம் நினைவிருக்கிறது. அவ்வளவுதான்.

மூன்று தாள்களுக்கு எதிரே மட்டும் பக்கம் நிரம்ப எழுத இருந்தது. அதில் ஒன்றைச் சொல்கிறேன்.

2001, மாசி மாதம். பிசான அறுப்பு நேரம். தனியாகக் கிளினிக் போட்டு எனக்கு இரண்டாவது வருடம். கதிரடிக்கும்போது கண்ணில் நெல் தூசி விழுந்துவிட்டது என்று ஒரு விவசாயி வந்தார். கண் சிவந்திருந்தது, கருவிழியில் சின்னக் கீறல். ஸ்டீராய்டு கலந்த ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் சிவப்பு குறைந்தது. அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். பன்னிரண்டாம் நாள் அவர் திரும்பி வந்தபோது கருவிழியில் இறகு விளிம்போடு சாம்பல் நிறப் புண், உள்ளே சீழ் தேங்கி நின்றது. பூஞ்சை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கண்ணின் உருவம் தப்பியது, பார்வை போய்விட்டது. அந்தச் சொட்டு மருந்தை எழுதியது நான்.

அந்த வருடக் கடைசியில் ஒரு அரை நாள் பயிற்சிக்குப் போனேன். மொத்தமே எட்டுப் பேர். ஒரு நுண்ணுயிரியல் மருத்துவர் ஸ்லைடு எதுவும் போடவில்லை. நேராக நோயாளி முன் உட்கார வைத்து, புண்ணின் விளிம்பிலிருந்து எப்படிச் சுரண்டி எடுப்பது என்று காட்டினார். கண்ணாடித் தகட்டில் தடவி, 10 சதவீத கே.ஓ.எச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல் ஒரு சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். "நூல் மாதிரி தெரிகிறதா? தெரியும்வரை எழுந்திருக்காதீர்கள்" என்றார். முதல் தகட்டில் எனக்குத் தெரியவில்லை. நான்காவதில் பூஞ்சையின் நூல் தெரிந்தது. மறு மாதமே பழைய மைக்ராஸ்கோப் ஒன்று வாங்கிக் கிளினிக்கில் வைத்தேன். அன்றிலிருந்து இன்றுவரை சுரண்டிப் பார்க்காமல் எந்தக் கருவிழிப் புண்ணுக்கும் நான் மருந்து எழுதியதில்லை.

இன்றைய விதிப்படி எண்ணினால் அந்தப் பயிற்சிக்கும் நாலு மணி நேரக் கணக்குதான். அரங்கத்தில் உட்கார்ந்து கேட்ட நாலு மணி நேரத்துக்கும் அதே கணக்குதான். இது என்னை ரொம்ப யோசிக்க வைக்கிறது.

உங்கள் கையை மாற்றிய வகுப்பு எது? ஏன் அது மட்டும் மாற்றியது? கண் மருத்துவர்கள் மட்டுமில்லை, கண்ணோடு சம்பந்தப்பட்ட எல்லோரும் எழுதுங்கள்.

சங்கரன்கோவில் டாக்டர் | ஞாயிறு இரவு 10:25

சார், வணக்கம். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். அந்த விவசாயியை இத்தனை வருடம் மறக்காமல் இருக்கிறீர்கள், அதற்கே ஒரு கும்பிடு.

ஆனால் அரங்கத்து வகுப்பை அவ்வளவு சுலபமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. 30 மணி நேர விதி இல்லையென்றால் நான் கிளினிக்கைச் சாத்திவிட்டு எங்கேயும் போயிருக்கவே மாட்டேன். தனியாகத் தொழில் செய்கிறவனுக்கு ஒரு நாள் மூடுவது பெரிய விஷயம். சந்தைக்கு வருகிறவர்கள் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போனால் அடுத்த மாதம்தான் திரும்பி வருவார்கள். விதி பிடித்துத் தள்ளியதால்தான் போனேன்.

போனதால் கிடைத்தது ஒன்று. கண்ணுக்குள் நீர் வடியும் கோணம் குறுகலாக இருக்கும் கண்களுக்கெல்லாம், அது மூடி அழுத்தம் ஏறாமலிருக்க முன்னெச்சரிக்கையாக லேசர் போட்டு, ஐரிஸில் (கண்ணின் நிறத் திரையில்) ஒரு துளை வைத்துவிடுவது என் வழக்கம். படிக்கும்போது அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த சீன ஆய்வைப் பற்றி ஒரு மாநாட்டில் பேசினார்கள். குவாங்சோ நகரத்தில் 889 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் மட்டும் லேசர், மறு கண்ணை அப்படியே விட்டுவிட்டு ஆறு வருடம் கவனித்திருக்கிறார்கள். லேசர் போட்ட கண்களில் 19-ல் பிரச்சினை வந்தது, போடாத கண்களில் 36-ல். பாதியாகக் குறைந்தது உண்மை. ஆனால் போடாத பக்கத்திலும் எண்ணூற்றுச் சொச்சம் கண்களில் வெறும் 36-தான். அப்படியென்றால் நான் இத்தனை வருடம் தேவையில்லாதவர்களுக்கும் துளை போட்டிருக்கிறேன். ஊருக்குத் திரும்பிய வாரமே அந்த வழக்கத்தை நிறுத்தினேன். அது அரங்கத்தில் உட்கார்ந்து கேட்டதுதான், கை எதையும் தொடவில்லை.

வள்ளியூர் டாக்டர் | திங்கள் காலை 6:10

சங்கரன்கோவில் சார், அதே ஆய்வை நானும் படித்தேன். நான் நிறுத்தவில்லை. ஏன் என்று சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள்.

ஆய்வில் இருந்தவர்கள் சொன்ன தேதிக்கு வந்து நிற்பவர்கள். கோணம் மூடத் தொடங்கினால் அடுத்த பரிசோதனையில் தெரிந்துவிடும். என் நோயாளிகள் திசையன்விளைக்கும் தெற்கே கடலோரத்திலிருந்து வருகிறவர்கள். ஒருமுறை வந்தால் அடுத்தது பேத்தி கல்யாணம் முடிந்த பிறகு. ராத்திரி பதினொரு மணிக்குக் கண் வலியும் தலைவலியும் வாந்தியுமாக வந்தால், பக்கத்தில் இருக்கிறவர் பித்தம் என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார். விடிந்து என்னிடம் வரும்போது கருவிழி மங்கி, நரம்பு அடிபட்டிருக்கும். இரண்டு பேருக்கு அப்படி ஆகி நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் எல்லோருக்கும் போடுவதில்லை, யாருக்கும் போடாமலும் இல்லை. ஒரு கண்ணில் ஏற்கெனவே அழுத்தம் ஏறித் தாக்கியிருந்தால் மறு கண்ணுக்குக் கட்டாயம். குடும்பத்தில் யாருக்காவது குளுக்கோமா (கண் அழுத்த நோய்) இருந்தாலோ, சர்க்கரைக்காக அடிக்கடி கண்ணின் பாப்பாவை விரித்துப் பார்க்க வேண்டியிருந்தாலோ, திரும்பி வரவே வாய்ப்பில்லை என்று தெரிந்தாலோ போட்டுவிடுகிறேன். ஆய்வு எனக்குச் சொன்னது, "யோசித்துப் போடு" என்பது.

இதைத்தான் அம்பை சார் கேட்டதோடு சேர்த்துச் சொல்ல வந்தேன். அரங்கத்தில் ஆய்வு முடிவைச் சொல்கிறார்கள், சரி. அதை எடுத்துக்கொண்டு ராதாபுரம் தாலுகாவில் என்ன செய்வது என்று பேச அங்கே நேரம் இல்லை. எட்டு நிமிடப் பேச்சு, இரண்டு நிமிடக் கேள்வி, அடுத்தவர் மேடை ஏறிவிடுவார்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. லேசர் வேண்டுமா வேண்டாமா என்பது கோணத்தைப் பார்த்தவருக்குத்தானே வரும்? கோணத்தைக் காட்டும் கோனியோ லென்ஸ் வைத்து எத்தனை பேர் பார்க்கிறோம்? படிப்பு முடித்து வந்த புதிதில் நான் பார்த்ததில்லை. ஓ.பி. கூட்டத்தில் நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பார்த்தாலும் எனக்குப் புரியாது, அதுதான் காரணம். ஒரு மூத்த மருத்துவர், பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, ஒரு மத்தியானம் முழுக்கப் பன்னிரண்டு நோயாளிகளை வரிசையாக உட்கார வைத்தார். நான் முதலில் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். பிறகு அவர் பார்த்து எழுதுவார். கடைசியில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைப்போம். முதல் ஐந்தில் நாலு தப்பு. கடைசி ஐந்தில் ஒன்றே ஒன்று. அந்த மத்தியானத்துக்கு எந்தச் சான்றிதழும் இல்லை, கவுன்சில் கணக்கில் அது பூஜ்யம்.

இன்னொன்று, இதைப் பெண் மருத்துவர்கள் சார்பில் சொல்கிறேன். எனக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்த ஏழு வருடம் சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் போய் மாநாடு கேட்டு வருவது நடக்கிற காரியமாக இல்லை. 2020-ல் எல்லாம் திரைக்கு வந்தபோது முதல் முறையாக நான் யாரிடமும் அனுமதி கேட்காமல் படித்தேன். அதைக் குறைவாக யாரும் பேசினால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சங்கரன்கோவில் டாக்டர் | திங்கள் காலை 7:30

மேடம், ஒத்துக்கொள்கிறேன். புளியங்குடிப் பக்கம் மலையடிவாரத்திலிருந்து வருகிறவர்களை நினைத்துப் பார்த்தேன். "நிறுத்தினேன்" என்று எழுதினேனே, அதை இன்று முழுக்க யோசிக்கப் போகிறேன். நிறுத்திய பிறகு அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று என்னிடம் கணக்கில்லை. இன்றைக்கே பழைய சீட்டுகளை எடுக்கச் சொல்கிறேன்.

பி.ஜி. இரண்டாம் ஆண்டு | திங்கள் மதியம் 2:05

சார், மேடம், நான் இன்னும் கண் மருத்துவ மேற்படிப்பு படித்துக்கொண்டிருப்பவன். எழுதலாமா என்று தயங்கினேன்.

எனக்கு இப்போது வேண்டியது கை. சின்னக் கீறல் வழியாகக் கண்புரை எடுக்கும் எஸ்.ஐ.சி.எஸ். கற்றுக்கொண்டிருக்கிறேன், புரையை மீயொலியால் உடைத்து எடுக்கும் பேக்கோ இனிமேல்தான். புதிய லேசர் பற்றியும் புதிய லென்ஸ் பற்றியும் கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் என் கை இன்னும் லென்ஸ் உறையை வட்டமாகக் கிழிக்கப் பழகவில்லை. அதற்கு உதவியது, விலங்குக் கண்ணில் பழகும் வெட்லேப் மட்டும்தான். நாங்கள் நாலு பேர் சேர்ந்து, மேலப்பாளையம் கறிக்கடையில் காலையிலேயே சொல்லிவைத்து ஆட்டுக்கண் வாங்கி வருவோம். ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டுவந்து அன்றைக்கே பயன்படுத்த வேண்டும், நேரமானால் கருவிழி மங்கிவிடும். ஆட்டு லென்ஸ் மெத்தென்று இருக்கும், வயதானவர்களின் புரை மாதிரி இருக்காது. மைக்ரோவேவில் சில நொடி வைத்தால் கெட்டிப்படும். அதன் உறையும் ரப்பர் மாதிரி இழுக்கும், குழந்தைக் கண் போல. அதில் கிழிக்கப் பழகிவிட்டால் மனிதக் கண்ணில் பயம் குறைகிறது. கண் கிடைக்காத நாளில் தக்காளித் தோலில் பழகுவோம்.

கடைக்கார பாய் முதலில் எதற்கு என்று கேட்டார். சொன்னதும் காசு வாங்க மறுத்துவிட்டார். "எங்க அம்மாவுக்கும் புரைதான் எடுத்தாங்க, நல்லா பழகுங்க தம்பி" என்றார்.

என் வருத்தம் ஒன்றுதான். வெட்லேப் இருக்கும் பயிற்சிகளில் இருக்கை பத்தோ பன்னிரண்டோ. அரங்கத்தில் ஐந்நூறு. எங்களைப் போன்றவர்களுக்கு இது தலைகீழாக இருக்க வேண்டும்.

பாளை விழித்திரை | திங்கள் இரவு 9:15

தம்பி, தயங்காமல் எழுதுங்கள். நீங்கள் சொன்னதுதான் ஆராய்ச்சியிலும் வந்தது. 1999-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் டேவிஸ் குழுவினர் மருத்துவர்களுக்கான தொடர்கல்வி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் சொற்பொழிவால் மருத்துவர்களின் நடைமுறை மாறியதாகத் தெரியவில்லை. கேள்வி கேட்டு, செய்து பார்த்து, திரும்பிப் போய் மறுபடி கூடிப் பேசும் வகுப்புகள்தான் மாற்றின. அதற்கும் பிறகுதான் நம் 30 மணி நேர விதி வந்தது. விதி உட்கார்ந்த நேரத்தைத்தான் எண்ணுகிறது.

விழித்திரை பார்க்கிறவன் என்ற முறையில் என் பக்கத்திலிருந்து ஒன்று. சர்க்கரையால் விழித்திரையில் புது ரத்தக் குழாய் முளைத்தவர்களுக்கு லேசர் போடுவதா, கண்ணுக்குள் ஊசி போடுவதா என்று ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு 2015-ல் வந்தது. பார்வையைப் பொறுத்தவரை ஊசி லேசருக்குக் குறைந்ததில்லை என்றது. நானும் மகிழ்ச்சியோடு ஊசிக்கு மாறினேன். அப்புறம் ஒருவர், மேலப்பாளையத்துக்காரர், மூன்று ஊசி போட்டுக்கொண்டு சவுதிக்கு வேலைக்குப் போய்விட்டார். பதினான்கு மாதம் கழித்து விடுமுறைக்கு வந்தார். இரண்டு கண்ணிலும் விழித்திரை இழுபட்டுக் கழன்றிருந்தது. லேசர் போட்டு அனுப்பியிருந்தால் நிலைமை இவ்வளவு மோசமாகியிருக்காது. இடையில் வராமல் போனவர்களில் ஊசி மட்டும் போட்ட கண்கள்தான் அதிகம் கெடுகின்றன என்று 2019-ல் ஒரு ஆய்வுக்கட்டுரையும் வந்தது. இப்போது என் முதல் கேள்வி, "எப்போ ஊருக்குக் கிளம்புறீங்க?" பாஸ்போர்ட் இருக்கிறவருக்கு லேசரையும் சேர்த்துப் போடுகிறேன்.

இதை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. மேடையில் எல்லோரும் நன்றாக வந்த கண்ணைத்தான் காட்டுகிறோம். பின்பக்க உறை கிழிந்த வீடியோவை, லென்ஸ் உள்ளே விழுந்த வீடியோவைப் போட்டு "இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும்" என்று சொன்னவர்கள் சிலரே. அவர்களிடம்தான் நான் அதிகம் கற்றேன். இது பெரிய அரங்கத்தில் நடக்காது. பத்துப் பேர், தெரிந்த முகங்கள், வெளியே போகாது என்ற நம்பிக்கை, இவை வேண்டும்.

மருந்து நிறுவனச் செலவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2009 டிசம்பரிலேயே மருந்து நிறுவனத்திடம் பரிசு, பயணச் செலவு, விருந்தோம்பல் எதையும் மருத்துவர் வாங்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் இறுக்கி ஒரு விதி போட்டது, அதே மாதத்தில் அதை நிறுத்தியும் வைத்தது. எனக்கு இதில் இரண்டு எண்ணம் இல்லை. நான் எந்தச் சொட்டு மருந்தை எழுத வேண்டும் என்பதைச் சோறு போட்டவர் சொல்லித் தரக் கூடாது. கூட்டத்துக்கு ஆளுக்கு இருநூறு ரூபாய் போட்டால் டீயும் வடையும் வந்துவிடும்.

கல்லிடை வாசகன் | செவ்வாய் காலை 11:20

நான் டாக்டர் இல்லை. அம்மாவுக்காக இங்கே தேடிக்கொண்டு வந்தேன்.

அம்மாவுக்குக் கண் அரிப்பு. யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை நாலு வருடமாக மருந்துக் கடையில் அட்டையைக் காட்டி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டால் அரிப்பு நிற்கும். போன வருடம் வாசல் நிலையில் அடிக்கடி இடித்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் கண் டாக்டரிடம் போனோம். அது ஸ்டீராய்டு சொட்டாம், அழுத்தம் ஏறி நரம்பு பாதிக்கு மேல் போய்விட்டதாம். இனி திரும்பாது என்றார்கள்.

நீங்கள் எல்லோரும் இவ்வளவு அக்கறையாகப் பேசுவதைப் படிக்க ஆறுதலாக இருக்கிறது. இரண்டு கேள்வி. நீங்கள் கற்றுக்கொள்வது மருந்துக் கடைக்கும் பொது மருத்துவருக்கும் எப்போது போய்ச் சேரும்? ஒரு கண் டாக்டர் இன்றைய முறைப்படிதான் பார்க்கிறாரா என்று என்னைப் போன்றவன் எப்படித் தெரிந்துகொள்வது?

அம்பை கண் டாக்டர் | செவ்வாய் மதியம் 3:00

தம்பி, உங்கள் அம்மாவுக்கு நடந்ததைப் படித்து மனது கனத்துப் போனது. மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்ற முடியும். அழுத்தம் குறைக்கும் சொட்டை ஒரு நாள் கூட விடாமல் போடச் சொல்லுங்கள், சொன்ன தேதிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்குக் குளுக்கோமா இருந்தால் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு கூடுதல்.

இரண்டாவது கேள்விக்கு என்னால் முடிந்த பதில். சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்க்காதீர்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் கண்ணாடி மாற்றப் போனாலும் அழுத்தம் பார்த்தார்களா, பாப்பாவை விரித்துப் பின்பக்கம் பார்த்தார்களா, சர்க்கரை உண்டா என்று கேட்டார்களா, பழைய மருந்துச் சீட்டை வாங்கிப் படித்தார்களா என்று கவனியுங்கள். "இந்தச் சொட்டில் ஸ்டீராய்டு இருக்கிறதா? எத்தனை நாள் போடணும்? எப்போ நிறுத்தணும்?" என்று கேளுங்கள். முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவரிடம் தொடர்ந்து போங்கள்.

முதல் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எங்கள் ஊரில் நாலு மருந்துக் கடைக்குச் சாயங்காலம் நானே நடந்து போய்ப் பேசப் போகிறேன். உங்கள் பதிவைப் படித்த பிறகு எடுத்த முடிவு இது.

பி.எச்.சி. கண் உதவியாளர் | செவ்வாய் இரவு 8:45

சார், வணக்கம். ஆலங்குளம் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் பார்க்கிறேன். டாக்டர்கள் பேசும் இடத்தில் நான் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர்களுக்கு 30 மணி நேரம் என்று ஒரு விதியாவது இருக்கிறது. எங்களுக்கு என்ன இருக்கிறது? கிராமத்தில் முதலில் கண்ணைப் பார்ப்பது நாங்கள்தான். ஒன்று சொல்கிறேன். காசநோய் மாத்திரையில் எத்தாம்பியூட்டால் இருக்கிறது, அது சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும். முன்பெல்லாம் முதல் இரண்டு மாதத்தோடு அதை நிறுத்திவிடுவார்கள். தினசரி மாத்திரை முறை வந்த பிறகு ஆறு மாதமும் கொடுக்கிறார்கள். இந்த மாற்றம் கண்ணுக்கு என்ன செய்யும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு பீடி சுற்றும் அக்கா, முக்கூடல் பக்கம், "இலை நிறம் சரியாத் தெரியல, நூல் கலர் மாறித் தெரியுது" என்று வந்தார். சிவப்பு நூலை மங்கலாகப் பார்க்கிறார் என்று எனக்குச் சட்டென்று பட்டதால் மாத்திரை அட்டையைக் கேட்டேன். உடனே ஹைகிரவுண்டுக்கு அனுப்பினோம். மருந்தை மாற்றினார்கள், மெல்லப் பார்வை தேறியது. இப்போது காசநோய் மாத்திரை சாப்பிடுகிற எல்லோருக்கும் மாதம் ஒருமுறை எழுத்துப் பலகையும் நிறப் புத்தகமும் காட்டுகிறேன். ஐந்து நிமிட வேலை.

இன்னொன்று. எங்கள் பகுதியிலிருந்து கேம்பில் புரை ஆபரேஷனுக்குப் போனவர்களைத் திரும்ப வந்த பிறகு வீடு வீடாகப் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். யார் செய்தது, எந்தக் கண், ஒரு மாதம் கழித்து எத்தனை வரி படித்தார்கள், கண்ணாடி வாங்கினார்களா. ஒன்பது வருட நோட்டு. இதுவரை எந்த டாக்டரும் கேட்டதில்லை. வேண்டுமென்றால் தருகிறேன்.

பாளை விழித்திரை | செவ்வாய் இரவு 9:02

அம்மா, அந்த நோட்டு எங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 1998-ல் ஒரு அளவு வைத்தது. புரை எடுத்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேராவது, அன்றாடம் போடும் கண்ணாடியோடு 6/18 (நல்ல கண் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) அல்லது அதைவிட நன்றாகப் பார்க்க வேண்டும். 6/60 கூடத் தெரியாதவர்கள் ஐந்து பேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் கத்தி பிடிக்கும் எத்தனை பேருக்குத் தன் எண் தெரியும்? எனக்கு என் எண் தெரியாது. மறுநாள் கட்டு பிரிக்கும்போது தெரிவதை வைத்து நன்றாகச் செய்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுத் திண்ணையில் என்ன தெரிகிறது என்பது உங்கள் நோட்டில்தான் இருக்கிறது.

தென்காசி குழந்தை மருத்துவர் | புதன் காலை 7:50

இடையில் புகுந்து ஒரே ஒரு வேண்டுகோள். சின்ன ஊர்களிலும் இப்போது குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறோம். 34 வாரத்துக்கு முன்னால் பிறந்தவை, 2 கிலோவுக்குக் குறைந்தவை எல்லாவற்றுக்கும் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரை பார்த்தாக வேண்டும். ரொம்பச் சின்னக் குழந்தை என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. தாமதித்தால் இரண்டு கண்ணும் போய்விடும். கர்நாடகத்தில் 2008-லிருந்தே பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் கேமராவோடு ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்து அனுப்புகிறார்கள், மருத்துவர் தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்கிறார்.

இங்கே குழந்தையை வெளியூருக்கு அனுப்பினால், தாய்க்குத் தையல் ஆறவில்லை என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். உங்களில் இரண்டு மூன்று பேர் இதைக் கற்றுக்கொண்டால் வாரம் ஒருநாள் இங்கேயே பார்த்துவிடலாம். உங்கள் அடுத்த கூட்டத்துக்கு என்னையும் கூப்பிடுங்கள். குழந்தை மருத்துவர்களையும் நர்ஸ்களையும் நான் அழைத்து வருகிறேன்.

வள்ளியூர் டாக்டர் | புதன் இரவு 9:30

நான் கற்றுக்கொள்கிறேன் சார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இப்போது மதுரைக்குப் போய் ஒரு மாதம் தங்கக்கூட முடியும். பாளை சார் எங்கே கேட்க வேண்டும் என்று வழி காட்டினால் போதும்.

அம்பை கண் டாக்டர் | வியாழன் இரவு 10:10

எல்லோர் பதிவையும் அச்செடுத்து வைத்துப் படித்தேன். மூன்று தாள்கள் என்று முதலில் எழுதினேன் இல்லையா, அந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே சாயல். மூன்றிலும் ஆள் குறைவு, மூன்றிலும் என் தப்பை ஒருவர் என் கண் முன்னாலேயே காட்டினார், மூன்றிலும் ஊருக்குத் திரும்பிய பிறகு அவரிடம் மறுபடி பேச முடிந்தது.

வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் வெங்கடசாமியை நினைத்துக்கொள்கிறேன். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன பிறகு, தன் கைக்கு ஏற்ற கருவிகளோடு கத்தி பிடிக்கப் பழகியவர். 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கையைத் திரும்பப் பழக்கிய மனிதர் நம் கரிசல் மண்ணில் பிறந்தவர், அதனால் நமக்கு முடியாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சரி, காரியத்துக்கு வருவோம். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, மாலை 4 முதல் 7 வரை. பாளை டாக்டர் தன் கிளினிக் ஹாலைத் தருவதாகப் போனில் சொன்னார். மேடை கிடையாது, மைக் கிடையாது. வருகிறவர் ஒவ்வொருவரும் தனக்குச் சரியாக வராத ஒரு கண்ணைக் கொண்டுவர வேண்டும், சீட்டோ, படமோ, வீடியோவோ. பெயரும் ஊரும் மறைத்து. அங்கே பேசியது அங்கேயே இருக்கும். அடுத்த மாதம் முதல் அரைமணி நேரம், போன மாதம் பேசியதில் எதை மாற்றினோம் என்று சொல்ல வேண்டும். சான்றிதழ் தர முடியாது. 30 மணி நேரத்துக்கு வழக்கம்போல் மாநாட்டுக்கும் போவோம். சங்கரன்கோவில் டாக்டர் சொன்னது சரி, அந்த விதி இருக்கட்டும்.

முதல் கூட்டத்தில் கருவிழிப் புண். கார் பருவ நெல் நடவு தொடங்குவதற்குள் பேசிவிட வேண்டும். பூஞ்சைக்கு வோரிகோனசோல் சொட்டைவிட நேட்டமைசின் சொட்டு மேல் என்று 2013-ல் வந்த ஆய்வு மதுரை உள்ளிட்ட அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்தது. பாக்டீரியாப் புண்ணில் ஸ்டீராய்டு சேர்க்கலாமா என்று 500 பேரிடம் செய்த இன்னொரு ஆய்வில் நம் திருநெல்வேலி நோயாளிகளே இருந்தார்கள். அதில்கூடக் கிருமி பாக்டீரியாதான் என்று உறுதியான பிறகு, 48 மணி நேரம் ஆன்டிபயாடிக் போட்ட பிறகுதான் ஸ்டீராய்டைத் தொட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் மொத்தத்தில் பார்வையில் வித்தியாசமும் இல்லை. நம் மண்ணில் விளைந்த பாடத்தை நாமே படிக்காமல் இருக்கக் கூடாது. மைக்ராஸ்கோப் நான் கொண்டுவருகிறேன். 2001-ஆம் ஆண்டுச் சீட்டையும் கொண்டுவருகிறேன்.

பி.ஜி. இரண்டாம் ஆண்டு | வியாழன் இரவு 10:31

நாங்கள் நாலு பேரும் வருகிறோம் சார். ஆட்டுக்கண் பன்னிரண்டு சொல்லி வைக்கட்டுமா? கூட்டம் முடிந்த பிறகு யாராவது பக்கத்தில் நின்று பார்த்துச் சொன்னால் போதும்.

சங்கரன்கோவில் டாக்டர் | வியாழன் இரவு 10:40

இருபது சொல்லிவைங்க தம்பி. எனக்கும் பேக்கோவில் கை பழக வேண்டியிருக்கிறது. அப்புறம் மேடம், பழைய சீட்டு எடுத்தாயிற்று. லேசர் போடாமல் அனுப்பிய 41 பேரில் திரும்பி வந்தது 17. மீதி 24 பேர் வீட்டுக்கும் ஆள் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்.

பி.எச்.சி. கண் உதவியாளர் | வெள்ளி காலை 6:20

சார், நோட்டில் ஆபரேஷன் செய்த டாக்டர்கள் பெயரும் இருக்கிறது. அதையும் மறைக்க வேண்டுமா?

அம்பை கண் டாக்டர் | வெள்ளி காலை 6:45

மற்றவர்கள் பெயரை மறைத்துவிடுங்கள் அம்மா. என் பெயர் இருக்கும் பக்கங்களை மட்டும் அப்படியே கொண்டு வாருங்கள், முதலில் அதையே வாசிப்போம்.